கடாரத்துக் கதை – 9: ஜெராய்ச் சரிவில் ஒரு கற்கோயில்

1025. சோழர் கப்பல்கள் கடாரத்துக் கடலுக்குள், அதாவது இன்றைய கெடாவின் கடலுக்குள், வந்துவிட்டன. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைதான் அந்தக் கடலில் மாலுமிகளுக்கு அடையாளம். போரைச் சொல்லுமுன் அந்த மலையின் தெற்குச் சரிவில் ஏறிப் பார்த்துவிடலாம். சோழ மன்னன் ராஜேந்திரன் கைவைத்தது எப்படிப்பட்ட நாட்டின்மீது என்று அங்கே தெரியும்.

மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பின்னால், ஓடைக்கரையில் இருக்கிறது புக்கிட் பத்து பகாட் கோயில். அக்கம்பக்கத்துக் கருங்கல்லையே செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, பதினொன்று என்பாரும் உண்டு. மண்டபத்தில் குனிந்து பாருங்கள்: தூண் நிறுத்தும் கற்களின் நடுவில் குழி. அந்தக் குழிகளில் மரத்தூண்கள் நின்றன, அவை கூரையைத் தாங்கின. மழையும் கறையானும் மரத்தைத் தின்றுவிட்டன, கல் மிஞ்சியது. தமிழகத்துச் சிற்பி வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கோயில் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் குழிகளைப் பார்க்க வேண்டும். விமானமும் மண்டபமும் நம் மரபு. மரத்தூணும் கூரையும் இந்த மண்ணின் கைவேலை. அந்தக் கைகளுக்குரிய பெருமையை நாம் பறித்துக்கொள்ளக் கூடாது.

1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் இந்தக் கோயிலைத் தோண்டினார். 1959-60இல் ஆலஸ்டேர் லாம் கற்களை மீண்டும் அடுக்கிச் சீரமைத்தார். அப்போது கிடைத்தவை கற்பேழைகள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு குழி, சுற்றி எட்டு. உள்ளே மணிக்கற்கள், பொன்னிலும் வெள்ளியிலும் செய்த சின்னச் சின்ன உருவங்கள். கோயில் கட்டும்போது அடியில் பேழை வைக்கும், ஆகமம் சொல்லும் கர்ப்பநியாசம்! இன்றைக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வாசக்கால் நிறுத்தும்போது நவதானியமும் பொன்னும் இடுகிறோமே, அதற்கு மூத்த சடங்கு. சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் பால்மரம் சீவிய நம் பாட்டன்கள், இப்படியொரு கோயில் காட்டுக்குள் கிடப்பது தெரியாமலே மலையடிவாரத்தில் சூலம் நட்டுக் கும்பிட்டார்கள்.

போர் அடுத்த வாரம் வரை பொறுக்கட்டும். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். 1006ஐ ஒட்டி நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பியவர் கடாரத்தரசர் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மர். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக் கொடுத்தவன் ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன். இருபது ஆண்டு கழியுமுன் அந்த மரபின் சங்கிராம விஜயோத்துங்கவர்மரைச் சிறைபிடித்து, வித்தியாதரத் தோரணம் முதலான செல்வங்களைக் கவர்ந்ததாக மெய்க்கீர்த்தி பாட வைத்தான் மகன். வீரம்தான், மறுக்கவில்லை. தந்தை போற்றிய நட்பை மகன் முறித்தான் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பழைய படையெடுப்பைவிட என்னை அதிகம் உறுத்துவது 2013. அந்த ஆண்டில், இந்தக் கோயில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கிலேயே, சுங்கை பத்துவில் 11-ஆம் எண் கோயிலின் எச்சங்களை வீடமைப்புக்காக இயந்திரம் விட்டு இடித்துவிட்டார்கள். செய்தி வெளியானபோது அங்கே எதுவும் மிஞ்சவில்லை. தனியார் நிலம், அரசிதழில் அறிவிக்கப்படாத இடம் என்றார்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கையில் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் எஞ்சிய ஒவ்வொரு மேட்டையும் அளந்து அரசிதழில் ஏற்றுங்கள், தோட்ட நிலமானாலும் சரி, தனியார் நிலமானாலும் சரி.