குளிர்நீரும் ரெஸ்யூமேயும்

2014 வாக்கில் இரண்டு பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த வீட்டு வேலைக்கே செயற்கை நுண்ணறிவை அமர்த்திப் பார்த்தன. கூகுளுக்கு டேட்டா சென்டரைக் குளிரவைக்கும் மின்சாரச் செலவு தலைவலி. அமேசானுக்குக் குவிந்துகொண்டே இருந்த வேலை விண்ணப்பங்கள் தலைவலி. முதல் முயற்சி சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டாக இன்றும் பேசப்படுகிறது. இரண்டாவது சத்தமில்லாமல் மூடப்பட்டு, 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்களுக்கும் பணத்துக்கும் குறைவில்லை. அப்படியிருக்க எங்கே பிரிந்தன?

கூகுளின் கதையை முதலில் பார்ப்போம். சர்வர்கள் கக்கும் சூட்டைத் தண்ணீர்தான் சுமந்து போகிறது. சில்லர், பம்ப், கூலிங் டவர் என ஒவ்வொன்றிலும் கூட்டிக் குறைக்க ஓர் அளவு உண்டு. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று மாறும். வெளியே வெயிலா குளிரா என்பதைப் பொறுத்து மொத்தக் கணக்கும் புரளும். ஜிம் காவ் என்ற இன்ஜினியர், தன் வழக்கமான வேலை போக மிஞ்சிய நேரத்தில் இந்தக் கணக்கை நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்துப் பார்த்தார். அவர் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: கட்டடத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, கணினிகளுக்குப் போய்ச் சேரும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். பி.யு.இ. என்பார்கள். அது 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. பிறகு கூகுளின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவான டீப்மைண்ட் கைகொடுக்க, குளிரூட்டலுக்கான மின்சாரத்தில் 40 சதவீதம் வரை மிச்சம் என்று 2016 ஜூலையில் அறிவித்தார்கள்.

எல்லோரும் அந்த 40-ஐத்தான் சொல்வார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு விவரம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மாதிரியைப் பயிற்றுவித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் வெப்பமும் அழுத்தமும் எங்கே போகும் என்று கணிக்க, தனியாக இன்னும் இரண்டு தொகுதி மாதிரிகளைப் பயிற்றுவித்தார்கள். முதலாவது சொல்லும் யோசனை எல்லையைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதே இந்த இரண்டின் வேலை. சோதனை நாளில் இயந்திரத்தை இயக்கிப் பார்த்தார்கள், எண் இறங்கியது. நிறுத்திப் பார்த்தார்கள், ஏறியது. வாதாட ஒன்றுமில்லை.

அப்போதும் அது யோசனை சொல்லும் ஆளாகத்தான் இருந்தது. திருகியது மனிதர் கை. 2018-இல்தான் கட்டுப்பாட்டையே அதனிடம் கொடுத்தார்கள், அதுவும் கடிவாளத்தோடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான சென்சார்களின் நிலவரம் போகும், முடிவு திரும்பி வரும். இயந்திரத்துக்கே உறுதியில்லாத முடிவுகள் அங்கேயே கழிக்கப்படும். டேட்டா சென்டரில் உள்ள கட்டுப்பாட்டு அமைப்பு மிச்சத்தை இன்னொருமுறை சரிபார்க்கும். ஆபரேட்டர் நினைத்த நேரத்தில் அதைத் துண்டித்துவிடலாம். இன்னும் மிச்சம் பிடிக்க இடமிருந்தும், பாதுகாப்புக்காக எல்லைகளை வேண்டுமென்றே குறுக்கி வைத்தார்கள். இதையெல்லாம் மீறி அது ஆபரேட்டர்களுக்கே பாடமும் நடத்தியது: குளிர்காலத்தில் வழக்கத்தைவிடக் குளிர்ந்த நீரைத் தயாரித்தால் செலவு குறையும் என்பதைத் தானாகக் கண்டுகொண்டது.

அமேசானின் குழு எடின்பரோவில் இருந்தது. கடையில் பொருளுக்குப் போடுவது போலவே ஆளுக்கும் 1 முதல் 5 வரை ஸ்டார். வேலைவாரியாக, இடம்வாரியாக 500 மாதிரிகள். பழைய ரெஸ்யூமேகளில் வந்த சுமார் 50,000 சொற்களை அவை அடையாளம் காணும். நூறு ரெஸ்யூமே போட்டால் மேலான ஐந்து வெளியே வர வேண்டும், அவர்களை எடுத்துக்கொள்ளலாம். ஆசை அதுதான். பாடப்புத்தகம், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை.

2015-இலேயே கோளாறு தெரிந்துவிட்டது. ரெஸ்யூமேயில் 'பெண்கள் செஸ் கிளப் தலைவி' என்று இருந்தால் அந்தப் 'பெண்கள்' என்ற சொல்லுக்காகவே மதிப்பெண் குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களும் கீழே தள்ளப்பட்டார்கள். (அரசு மகளிர் கல்லூரி என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கும் நம் ஊர்ப் பெண்களை அந்த இயந்திரம் என்ன செய்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.) 'எக்ஸிக்யூட்டட்', 'கேப்சர்ட்' மாதிரி ஆண்களின் ரெஸ்யூமேயில் அதிகம் தென்படும் வினைச்சொற்களுக்கு மட்டும் ஏற்றம். அந்தக் குறிப்பிட்ட சொற்களைக் கண்டுகொள்ளாதபடி மாதிரிகளைத் திருத்தினார்கள். ஆனால் வேறொரு வழியில் அது ஓரவஞ்சனை செய்யாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

ஆளெடுப்பவர்கள் விண்ணப்பதாரர்களை மதிப்பிட இதை ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்றது அமேசான். தவறைத் தானே கண்டுபிடித்ததும் அந்த நிறுவனம்தான். அந்த நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

குளிர்நீரையும் மனிதரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். தண்ணீரில் தப்புச் செய்தால் சில நிமிடங்களில் சென்சார் காட்டிக்கொடுத்துவிடும். கழித்துப்போட்ட ரெஸ்யூமே அப்படி எதையும் காட்டாது. அந்தப் பெண் வேறெங்கோ நல்ல இன்ஜினியராக இருப்பார். இழந்தது யாரை என்று நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் இயக்கி, மறுநாள் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் இங்கே கிடையாது. ஆக, தவறு கண்ணுக்குப் படும் இடத்தில் மூன்று அடுக்குக் காவல் போட்டார்கள். கண்ணுக்கே படாத இடத்தில், ஐந்து பேரைத் துப்பினால் போதும் என்று தொடங்கினார்கள். அளவுகோலும் அப்படித்தான். பி.யு.இ. என்பது மின்மீட்டர் சொல்லும் சங்கதி. 'நல்ல ஆள்' என்பதோ நேற்று நாம் யாரை எடுத்தோம் என்ற பழக்கம்.

பொறுப்பாக இருந்தால் வேகம் குறையும் என்று அலுவலகங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அமேசானின் இயந்திரம் அந்த வேகத்தையாவது தந்ததா என்றால், அதுவும் இல்லை. பெண்கள் விஷயத்தைத் தள்ளிவைத்தாலும், தகுதியே இல்லாதவர்களையும் அது பல வேலைகளுக்குக் கைகாட்டியது. முடிவுகள் கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கில் வந்தன என்கிறது ராய்ட்டர்ஸ். 2017 தொடங்குவதற்குள் குழு கலைக்கப்பட்டது.

இயந்திரம் முழுதாகச் சாகவில்லை. வெகுவாகத் தண்ணீர் கலந்த ஒரு வடிவம் பிறகும் சில எடுபிடி வேலைகளுக்குப் பயன்பட்டது. அதில் ஒன்று, ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்குவது.