கரடிக் காது குல்லாவும் கணக்கில் வராத உழைப்பும்

மார்கழிப் பனியில் கைக்குழந்தையை வாசலுக்குத் தூக்கி வந்தால் காவிரிக்கரைப் பாட்டிமார்கள் முதலில் பார்ப்பது குழந்தையின் தலையைத்தான். "ஏங்கண்ணு, தலைக்குத் துணி கட்டலையா? காதுல காத்துப் போயிரும்" என்பார்கள். பரமத்தி வேலூரானாலும் சரி, பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கும் கரூர் மாவட்டமானாலும் சரி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டித் துணிதான் பிள்ளைகளின் முதல் தொப்பி.

இன்று அந்த இடத்துக்கு உல்லன் நூல் குல்லா வந்துவிட்டது. அதிலும் கரடிக் காது வைத்தது, முயல் காது தொங்குவது, ஆந்தைக் கண் போட்டது என்று விதவிதமாக வருகிறது. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும் இந்தச் சின்னப் பொருளுக்குப் பின்னால் பஞ்சம், அடிமைத்தனம், ஏற்றுமதி வணிகம் எல்லாம் இருக்கின்றன என்றால் நம்ப முடிகிறதா?

தலைக்கு ஏன் இவ்வளவு கவனிப்பு?

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலைதான். பெரியவர்களுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. உடம்போடு ஒப்பிட்டால் தலையின் பரப்பு அதிகம் என்பதால் வெப்பம் அந்த வழியாகவே நிறைய வெளியேறுகிறது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

1970-களின் இறுதியில் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் ஒரு முறையைத் தொடங்கினார். குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி அணைத்து வைப்பதே அது. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருப்பது போல இருப்பதால் 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று பெயர். அந்த நேரத்தில் குழந்தைக்கு உடுத்துவது மூன்றே பொருள்கள்தான்: இடுப்புத்துணி, காலுறை, குல்லா! பாட்டிமார்கள் அனுபவத்தில் சொன்னதற்கும் மருத்துவர்கள் சொல்வதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வந்தபின் குழந்தை தூங்கும்போது குல்லா வேண்டாம், உடல் சூடு அதிகமாகிவிடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

விலங்கு எப்படித் தலைக்கு ஏறியது?

குழந்தைக்கு விலங்கின் அடையாளத்தை அணிவிப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சங்க காலத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கழுத்தில் புலிப்பல் தாலி அணிந்ததை இலக்கியங்கள் காட்டுகின்றன. சீனாவில் புலி முகம் தைத்த தொப்பியைக் குழந்தைகளுக்கு அணிவிப்பது நெடுநாள் வழக்கம். தீய சக்திகள் புலியைக் கண்டு விலகிப் போகும் என்பது நம்பிக்கை. ஆக, இந்தக் காதும் மூக்கும் முதலில் அழகுக்காக வந்தவை அல்ல. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில் வந்தவை.

நம் ஊரில் விலங்கின் பெயரையே தாங்கிய ஒரு குல்லா உண்டு. அதுதான் குளிர்காலத்தில் பெரியவர்கள் மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லா! இதன் மூதாதை கிரிமியப் போர்க்களத்தில் இருக்கிறது. 1854-ல் அங்கே குளிரில் நடுங்கிய பிரிட்டிஷ் வீரர்களுக்காக அவர்கள் நாட்டில் கம்பளித் தலையுறைகள் பின்னி அனுப்பினார்கள். போர் நடந்த பாலக்கிளாவா என்ற ஊரின் பெயரே பிற்பாடு அந்தத் தலையுறைக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

இப்போது கடைகளில் பார்க்கும் கரடி, முயல் குல்லாக்களின் தோற்றத்தில் ஜப்பானின் 'அமிகுருமி' எனப்படும் பின்னல் பொம்மைக் கலையின் சாயல் தெரிகிறது. இவற்றைப் பின்னுவது பெரும்பாலும் ஒரே ஒரு கொக்கி ஊசியால்தான். அதைத்தான் குரோஷா என்கிறோம்.

ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும்; வரிசையில் உள்ள கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே இருக்கும். குரோஷாவில் ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். குல்லா உச்சந்தலையில் ஒரு வளையமாகத் தொடங்கும். முதல் சுற்றில் 6 கண்ணி என்றால் இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18 என்று தட்டையாக விரிந்துகொண்டே போகும். தலைக்கு ஏற்ற அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டால் கிண்ணம் போல் கீழே இறங்கும். காதுகளைத் தனியாகப் பின்னித் தைக்க வேண்டும். கண்ணுக்குப் பொத்தான் வைத்தால் குழந்தை பிய்த்து விழுங்கிவிடும் என்பதால் நூலாலேயே போடுவது நல்லது.

பஞ்சத்தில் வளர்ந்த கலை

ஐரோப்பாவில் குரோஷா மாதிரிகள் அச்சில் வரத் தொடங்கியது 1820-களில். நெதர்லாந்தில் வெளிவந்த 'பெனலோப்' என்ற பெண்கள் இதழ் இதில் முன்னோடி. அப்போது அது வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காக இருந்தது.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து கொடும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தனர். அந்த நேரத்தில் கன்னியாஸ்திரீகளும் வேறு சிலரும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு ஊசி, கொஞ்சம் நூல், இவ்வளவுதான் முதலீடு. அந்த லேஸ் பணக்கார வீடுகளுக்கு விற்பனையானது. பல குடும்பங்களுக்கு அதுவே அரிசியும் பருப்பும் ஆனது எனலாம்.

நாகர்கோவிலில் லேஸ்

அயர்லாந்துப் பஞ்சத்துக்கு முன்பே இதே மாதிரி ஒரு முயற்சி தமிழ் மண்ணில் தொடங்கிவிட்டது. லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்லஸ் மால்ட் தம்பதியர் 1819-ல் நாகர்கோவில் வந்தனர். திருமதி மார்த்தா மால்ட் அங்கே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இது குரோஷா அல்ல. திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறை. அவருடைய மகள் எலிசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியிலும் இதைப் பரப்பினார். ஆம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான்!

அந்தக் காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது, 1855-ல்தான் ஒழிக்கப்பட்டது. லேஸ் விற்ற கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. கைவேலைக் கூலி ஒரு மனுஷியின் விடுதலைப் பத்திரம் ஆனது.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. அதே சமஸ்தானத்தில் நாடார் பெண்கள் தங்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-ல் அரசு அறிவிப்பு வந்தபோதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் உடைக்கு அலங்காரம் செய்த மண்ணில், சொந்தத் தோளில் ஒரு துணி போடுவது குற்றமாக இருந்திருக்கிறது!

நரசாபுரம் சொல்லும் பாடம்

குரோஷாவையே ஊர்த்தொழிலாக ஆக்கிக்கொண்ட இடம் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரம். அங்கும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகத்தான் இந்த வேலை வந்தது. பிறகு வியாபாரிகள் கைக்குப் போய்ப் பெரிய ஏற்றுமதித் தொழிலானது.

1970-களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே ஆய்வு செய்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: பூ பின்னுவது ஒருத்தி, அவற்றை இணைப்பது இன்னொருத்தி. முழுப்பொருள் என்ன விலைக்குப் போகிறது என்பது பின்னியவர்களுக்குத் தெரியாது. நாளெல்லாம் வேலை செய்தும் அவர்களுக்குப் பெயர் 'இல்லத்தரசி'. சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறார்கள் என்று சொல்லியே கூலி குறைக்கப்பட்டது. வயல் வேலைக்குப் போன பெண்களின் கூலியைவிட அது குறைவு!

2024-ல் நரசாபுரம் குரோஷா லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது நல்ல செய்தி. பின்னும் கைக்குக் கிடைக்கும் கூலி உயர்கிறதா என்பது தனிக் கேள்வி.

ஒரு குல்லாவின் அடக்கவிலை

திருப்பூரில் பனியன் துணியைப் பின்ன இயந்திரங்கள் இருக்கின்றன. குரோஷாவுக்கு அப்படி இல்லை. குரோஷா போலத் தோன்றும் துணியை இயந்திரம் தரும். அசல் குரோஷாவைப் பின்னும் இயந்திரம் சந்தைக்கு வரவில்லை. ஆகவே உலகின் எந்த மூலையில் விற்றாலும் அசல் குரோஷா குல்லா ஒன்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால்தான் பின்னியிருக்கிறார் என்று பொருள்.

ஒரு உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். கரடிக் காது குல்லா ஒன்று 150 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கு 50 ரூபாய், கடைக்காரருக்கு 40 ரூபாய். மிச்சம் 60 ரூபாய். பின்ன 3 மணி நேரம் ஆனால் மணிக்கு 20 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து பின்னினால் 160 ரூபாய். 2024-25-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலியே 319 ரூபாய்! இந்தக் கணக்கில் கண் எரிச்சலும் கழுத்து வலியும் சேர்க்கப்படவில்லை.

அடக்கவிலைக் கணக்கில் மூலப்பொருள், கூலி, இதர செலவு என்று மூன்று தலைப்புகள் உண்டு. கைவேலை விஷயத்தில் மட்டும் இரண்டாவது தலைப்பை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். "நூல் அம்பது ரூபாய்தானே, எதுக்கு இருநூறு கேக்கறீங்க?" என்ற பேரம் அங்கிருந்துதான் வருகிறது. அயர்லாந்திலும் நாகர்கோவிலிலும் இந்தத் தொழில் வயிற்றுப்பாட்டுக்காக வந்தது. அதைப் 'பொழுதுபோக்கு' என்று சொல்லத் தொடங்கினால் அப்புறம் கூலியைக் குறைப்பது சுலபம்.

மாற்றம் வருமா?

2016-ல் சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தனர். 2018-ல் 58,917 குரோஷா உருவங்களைக் காட்சிக்கு வைத்து இன்னொரு சாதனையும் செய்தனர். வீட்டுக்குள் தனித்தனியாகப் பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்கள் பாருங்கள்!

சட்டமும் மெதுவாக நகர்கிறது. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்பவர்களுக்கான சர்வதேச உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் கொண்டுவந்தது. இந்தியா அதை இதுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆனால் நம் நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, அவர்களையும் தொழிலாளர் என்று தனியாக வரையறுத்துச் சொல்கிறது. பெயர் வந்துவிட்டது, கூலியும் வர வேண்டும்.

பேரப்பிள்ளைக்குப் பாட்டி பின்னும் குல்லாவுக்கு விலை போட முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் கடையில் தொங்கும் கரடிக் காது குல்லாவை வாங்கும்போது நூலின் விலையோடு அந்த மூன்று மணி நேரத்தையும் மனதில் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசலாமே!