சூதில் வென்றவர்கள் ஏன் எழுந்து போவதில்லை?

வெருகலில் கைப்பேசியில் போக்கர் ஆடும் இளைஞர்களை இப்போது காண்கிறேன். "இது சூதல்ல மாமா, மூளை விளையாட்டு" என்று அவர்களுள் ஒருவர் எனக்கு விளக்கமும் தந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றியே இக்கட்டுரை.

கிழக்கு மாகாணத்தாருக்குச் சூதின் கதை புதிதல்ல. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாண்டவர் வனவாசமும் தீமிதிப்பும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. ஆனால், தருமர் இரண்டு முறை ஆடித் தோற்றவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். முதல் ஆட்டத்தில் இழந்த அனைத்தையும் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்துவிட்டான். மீண்டும் அழைப்பு வந்தது. மீண்டும் போய் அமர்ந்தார். வனவாசம் அந்த இரண்டாம் ஆட்டத்தின் விளைவே.

காட்டில்தான் அவர் நளன் கதையைக் கேட்டார். மரத்தின் இலைகளையும் கனிகளையும் பார்வையாலேயே கணக்கிட்ட இருதுபன்னனிடம் நளன் சூதின் சூட்சுமத்தைக் கற்றான். கதை சொன்ன முனிவரிடம் தருமரும் அதனைக் கற்றார். பின்னர் கங்கன் என்ற பெயரில் விராடனுக்குச் சூதுத் துணைவராக வாழ்ந்தார். இன்றைய மொழியில் சொன்னால், தொழில்முறை ஆட்டக்காரர்! நாட்டைப் பணயம் வைத்த காலத்தில் அவருக்குச் சூது தெரியாது. தெரிந்த பின்னர் அவர் நாட்டைப் பணயம் வைக்கவில்லை.

போக்கருக்கு வருவோம். லாஸ் வேகாஸ் நகரில் 1970இல் உலகத் தொடர் தொடங்கியபோது, வெற்றியாளரான ஜொனி மொஸ் சக ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பிலேயே தெரிவு செய்யப்பட்டார். உச்சத்தில் உள்ளவர்களை இயக்குவது எது என்பதற்கு இதுவே நல்ல சான்று. பணம் அவர்களுக்கு அளவுகோல். தம்மைப் போன்ற வல்லவர்கள் தம்மை வல்லவர் என்று ஒப்ப வேண்டும் என்பதே வேட்கை.

அந்த வேட்கைக்கு எல்லை உண்டா? ஸ்டூ உங்கர் 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரதான போட்டியை வென்றவர். சீட்டு மேசையில் அவருக்கு நிகரானவர் அரிது. ஆனால், மேசையில் வென்றதைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போதையிலும் இழந்தார். மூன்றாவது வெற்றிக்கு மறு ஆண்டு, 45ஆவது வயதில், மலிவான விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார். திறமை அவரைக் காக்கவில்லை.

பின்னர் சுற்றுப்பயணப் போட்டிகள் வந்தன: 2002இல் உலகச் சுற்று, 2004இல் ஐரோப்பியச் சுற்று, 2007இல் ஆசிய பசிபிக் சுற்று. ஓர் ஊரில் தோற்றால் அடுத்த ஊர் காத்திருக்கிறது. நீண்ட காலத்தில் திறமை வெல்லும் என்பது மெய்யே. ஆனால், ஒரே போட்டியில் சீட்டின் போக்கு எவரையும் வீழ்த்தும். எனவே தேர்ந்தவர்கள் பலர் தமது பங்கைப் பிறருக்கு விற்றே மேசையில் அமர்கின்றனர். முழுக் கைப்பொருளையும் வைத்து ஆடாமை அவர்களது முதல் பாடம். நமது இளைஞர்களுக்கு இதை எவரும் சொல்வதில்லை.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், நூறு டொலருக்கும் குறைந்த கட்டணத்தில் இணையவழித் தகுதிபெற்று, உலகத் தொடரில் 25 இலட்சம் டொலர் வென்றார். அவ்வாண்டு பிரதான போட்டியில் ஆடியோர் 839 பேர்; 2006இல் 8,773 பேர். அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே பரிசுப் பணம் கிடைத்தது. சூதில் பெறும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவர் அஞ்சியது தோல்விக்கு மட்டுமன்று என்பதைக் கவனியுங்கள்.

ரம்மியும் போக்கரும் வெறும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று தமிழ்நாட்டுச் சட்டம் வகைப்படுத்தியதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்கவில்லை. 2025 ஓகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

சட்டம் எங்கும் ஒன்றாக இராது. ஆகவே, மூளை விளையாட்டு என்று வாதிடும் தம்பிமாரிடம் நான் திறமையைப் பற்றிக் கேட்பதில்லை. 'எந்தத் தொகையில் எழுந்து போவாய்?' என்று மட்டுமே கேட்கிறேன். இதுவரை எவரும் ஒரு தொகையைச் சொன்னதில்லை.