பச்சோந்தி மண்ணைத் தேடும் காலம்

ஐப்பசி பிறந்து நல்ல மழை இறங்கிவிட்டால் சேரன்மகாதேவி வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று நீங்கள் நன்கு அறிந்தது. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல்களில் பிசான நெல்லுக்கான வேலை சூடு பிடிக்கும். மற்றொன்றைக் கண்டவர்கள் சிலரே. கால்வாய் எட்டாத மேட்டு நிலத்தில், உடைமரத்திலும் வேலிப் புதரிலும் வாழும் பெண் பச்சோந்தி கிளையை விட்டுத் தரைக்கு இறங்கி வருகிறது. மழையில் நனைந்து இளகிய மண்ணை அது தேடுகிறது. அந்த மண் கிடைக்குமா, கிடைக்காதா என்பதில் அதன் உயிரே அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் கழுத்தும் தலையும் சிவந்து வேலியில் ஓடும் ஓணானைப் பலர் பச்சோந்தி என்கிறார்கள். இரண்டும் வேறு. பச்சோந்தி ஓடாது, காற்றில் ஆடும் இலையைப்போல முன்னும் பின்னும் அசைந்து மெல்ல நடக்கும். அதன் விரல்கள் இரண்டாகவும் மூன்றாகவும் ஒட்டிக் குறடுபோல் கிளையைப் பற்றும். வால் சுருளும். கண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சுழலும். இந்த அடையாளங்கள் இருந்தால்தான் அது பச்சோந்தி.

காற்றை உண்டு வாழும் பிராணியா?

இப்பிராணியை மனிதன் கூர்ந்து நோக்கத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய தம் நூலில் பச்சோந்திக்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்கினார். கண்களின் சுழற்சி, விரல்களின் அமைப்பு, நிறமாற்றம் ஆகியவற்றோடு உடலை அறுத்துப் பார்த்தால் உள்ளே காணப்படுவதையும் அவர் விவரித்தார். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, பச்சோந்தி உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை, காற்றே அதன் உணவு என்று எழுதிவிட்டார். இந்தக் கதை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் உலவியது.

ஏன் அப்படி நம்பினார்கள்? பச்சோந்தி பல நாள் பட்டினி கிடக்கக் கூடியது. அசைவின்றி வாயைத் திறந்து நிற்கும். அது நாக்கை வீசிப் பூச்சியைப் பிடிப்பதோ கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 1669-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த குளோத் பெரோ என்பவர் பச்சோந்தியின் உடலமைப்பைப் படங்களுடன் வெளியிட்டார். அதன் பிறகு காற்றுக் கதையின் செல்வாக்கு படிப்படியாகக் குறைந்தது.

நம் நாட்டுப் பச்சோந்திக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1768-இல். வியன்னாவில் வாழ்ந்த லாரென்டி என்பவர் சூட்டிய 'கமேலியோ சைலானிக்கஸ்' என்னும் அப்பெயருக்கு 'இலங்கைப் பச்சோந்தி' என்று பொருள். இந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட நிலங்களில் வாழும் இனம் இது. 1935-இல் மால்கம் ஸ்மித் இந்திய விலங்கினங்களைப் பற்றிய பெருநூலில் பல்லி, ஓணான் வகைகளுக்கான தொகுதியை வெளியிட்டபோது இதற்கும் இடம் தந்தார்.

இந்த நீண்ட வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். நாக்கைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள். எல்லாம் கிளையின்மேல் நடப்பவை. பெண் பச்சோந்தி மண்ணுக்குள் செய்யும் வேலை எளிதில் கண்ணில் படுவதில்லை. அதன் அருமை பெரும்பாலும் கூண்டுகளில் நேர்ந்த சாவுகளால்தான் புரிந்தது.

கூண்டு கற்பித்த பாடம்

இருபதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பச்சோந்திகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏராளமாக ஏற்றுமதியாயின. வளர்த்தவர்கள் அழகிய கூண்டு செய்தார்கள், செடி வைத்தார்கள், பூச்சி கொடுத்தார்கள். கூண்டின் தரை மட்டும் வெறும் பலகையாகவோ காகிதமாகவோ இருந்தது. வயிறு பருத்த பெண் பச்சோந்தி அந்தத் தரையில் இறங்கி மூலை மூலையாகப் பிறாண்டும். தோண்ட மண் இல்லை. முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். சில நாட்களில் சோர்ந்து, பகலிலும் கண்ணை மூடி, கடைசியில் இறந்துவிடும். இதற்கு 'முட்டைக் கட்டு' என்று பெயர் சொல்லலாம். கூண்டில் வாழும் பெண் பச்சோந்திகளைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

ஆண் துணை இல்லாவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்! ஆணையே காணாத கோழி முட்டையிடுவதுபோல, ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்தியும் தனியே இருந்தாலும் கரு இல்லாத முட்டைகளை உருவாக்கும். அவற்றையும் அது மண்ணில் இட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது பாடம் சுண்ணாம்புச் சத்தைப் பற்றியது. முட்டைகளுக்கு வேண்டிய கால்சியத்தைத் தாயின் உடல்தான் தர வேண்டும். உணவில் போதாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். முட்டையை வெளியே தள்ளும் தசைகள் சுருங்குவதற்கும் கால்சியமே தேவை. உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அது உண்டாகச் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது; தேவையான கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்திகளை வீட்டிற்குள் வளர்த்து அமெரிக்க ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, வைட்டமின்களும் புற ஊதாக் கதிரும் அவற்றின் ஆரோக்கியத்தையும் இனப்பெருக்கத்தையும் எவ்வளவு பாதிக்கின்றன என்பதைக் காட்டியது.

நம் நாட்டு இனத்தின் இனப்பெருக்கத்தைப் பற்றி 1984-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் எல்.ஏ.கே. சிங், எல்.என். ஆச்சார்ஜியோ, எச்.ஆர். பஸ்டார்ட் ஆகிய மூவர். பஸ்டார்ட் யார் தெரியுமா? 1970-களில் இந்தியாவில் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்க வழிகாட்டிய அதே நிபுணர்தான்! இந்தியாவுக்கு வருமுன்பே ஆப்பிரிக்கப் பச்சோந்திகளை வளர்த்துப் பார்த்துக் கட்டுரைகள் எழுதியவர் அவர்.

அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும்?

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் பச்சோந்தி வளர்ப்போர் இன்று பின்பற்றும் முறை இதுதான். வயிறு பருத்து, உணவில் நாட்டம் குறைந்து, பெண் அடிக்கடி தரையில் உலாவினால் நாள் நெருங்கிவிட்டது என்று அறிகிறார்கள். முக்காட்டுப் பச்சோந்தி போன்ற இனங்களில் நிறமும் செய்தி சொல்லும். உடல் கருத்து, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் தோன்றும். நெருங்கும் ஆணுக்கு அது 'வராதே' என்னும் எச்சரிக்கை.

பிறகு ஓர் அடி ஆழத்திற்குக் குறையாமல் மணலும் மண்ணும் கலந்து தொட்டியில் நிரப்புகிறார்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவுபோல் நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. அதுவே சரியான ஈரம். உலர்ந்த மணலில் தோண்டிய குழி சரிந்துவிடும். சேறாக இருந்தால் முட்டை அழுகும். கூண்டைச் சுற்றித் துணியால் மறைத்துவிடுகிறார்கள். தோண்டும்போது யாரேனும் பார்ப்பதை உணர்ந்தால் அது வேலையைப் பாதியில் விட்டுவிடும்.

தனிமை கிடைத்தால் அது முன்கால்களால் சாய்வாகச் சுரங்கம் தோண்டி, முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மிதித்து அடையாளம் தெரியாமல் செய்துவிட்டு மேலேறும். அப்போது உடல் வற்றிக் களைத்திருக்கும். உடனே தண்ணீரும், சில நாட்களுக்கு நல்ல இரையும் வேண்டும். முட்டைகளை எடுத்து வேறிடத்தில் வைப்பவர்கள், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே வைக்கிறார்கள். கோழி முட்டையைப்போல் இவற்றைத் திருப்பிவிடக் கூடாது. தோல் போன்ற மெல்லிய ஓடு மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். குஞ்சு வெளிவரப் பல மாதங்கள் ஆகும். மடகாஸ்கரின் லபோர்டு பச்சோந்தி எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள் கிடந்து, வெளிவந்த பிறகு நான்கைந்து மாதமே வாழ்கிறது என்று 2008-இல் கண்டறிந்தார்கள்!

நம் வேலி ஓரத்தில்

இப்போது சேரன்மகாதேவிக்குத் திரும்புவோம். இந்தியாவில் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 1977 முதல் பன்னாட்டு ஒப்பந்தமும் இவற்றின் வாணிபத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே கூண்டும் தொட்டியும் நமக்குத் தேவையில்லை. கூண்டில் பாடுபட்டு உண்டாக்க வேண்டிய வெயிலையும் ஈர மண்ணையும் தனிமையையும் நம் மேட்டு நிலம் இலவசமாகவே தருகிறது.

நம் நாட்டுப் பச்சோந்தி பெரும்பாலும் அக்டோபரில் இணை சேர்ந்து, நவம்பரை ஒட்டி முட்டையிடும். ஒரு முறைக்குப் பத்திலிருந்து முப்பது வரை இடலாம். வடகிழக்குப் பருவமழை மண்ணை இளக்கும் காலமும் அதுவே. ஆனால் அதே காலத்தில்தான் அது சாலையைக் கடக்கிறது, வண்டியில் நசுங்குகிறது, விஷப் பிராணி என்று கல்லடியும் படுகிறது. உண்மையில் பச்சோந்திக்கு விஷம் கிடையாது. வாயைத் திறந்து சீறுவது பயத்தினால்தான். அந்தப் பருவத்தில் அடிபடுவது ஒரு பெண்ணானால், அதனோடு முப்பது உயிர்கள்வரை போகலாம்.

மழைக்குப் பிறகு சாலையில் அதைக் கண்டால் ஒரு நீண்ட குச்சியை முன்னே நீட்டுங்கள். கிளை என்று எண்ணிப் பற்றிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து வேலியில் விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பினால் மறுபடி சாலைக்கே வரும். காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வேலி ஓரத்தில் அது மண்ணைப் பிறாண்டுவதைக் கண்டால் அருகே போகாதீர்கள். அந்த இடத்தை அந்த ஆண்டு முழுவதும் கொத்தாமல், எரிக்காமல் விட முடிந்தால் இன்னும் நல்லது. முட்டையிடும் பச்சோந்திக்கு நாம் செய்யக்கூடிய பராமரிப்பு இவ்வளவுதான்.