மஞ்சள் கருமேல் விழுந்த பழி

முயல் முட்டை தின்னாது. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் நீண்ட உணவுச் சர்ச்சை ஒன்று முயலுக்கு முட்டை ஊட்டியதில்தான் தொடங்கியது. 1908இல் ரஷ்ய மருத்துவர் இக்னாட்டோவ்ஸ்கி முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை கொடுத்துப் பார்த்தார். அவற்றின் இரத்தக் குழாய்கள் தடித்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவும் செமியோன் ஹலாடோவும் இதற்கு அடுத்த படி ஏறினார்கள். தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து ஊட்டியதும் முயல்களின் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்தது. வெறும் எண்ணெய் தின்ற முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த முடிவு 1913இல் வெளியானது.

எலியிடமும் நாயிடமும் அதே சோதனை எளிதில் பலிக்கவில்லை. முயல் தழை தின்னும் பிராணி. தழையில் கொலஸ்ட்ரால் கிடையாது. வெளியிலிருந்து வந்த சுமையை அதன் உடலால் சமாளிக்க முடியவில்லை. மனித உடலோ தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டின் வழியாகக் கூடுதலாக வந்தால், பெரும்பாலோருக்கு உள் உற்பத்தி குறைந்து ஓரளவு ஈடுகட்டிவிடும்.

தட்டிலுள்ள கொலஸ்ட்ரால், தட்டிலுள்ள கொழுப்பு, இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றும் வெவ்வேறு. பின்னாளில் நடந்த சண்டையில் பாதி, இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது. தமிழில் நிலைமை இன்னும் மோசம். இந்த மூன்றோடு திமிருக்கும் சேர்த்து ‘கொழுப்பு’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

1955 செப்டம்பர் 24 அன்று டென்வர் நகரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அதுவரை மருத்துவ இதழ்களில் இருந்த விவாதம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. விடையோடு தயாராக இருந்தவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ். உண்ணும் கொழுப்பு கூடக்கூட இதய நோய் மரணமும் கூடுவதாக ஆறு நாடுகளின் புள்ளிகளை வைத்து 1953இல் ஒரு வரைபடம் வெளியிட்டிருந்தார். 1957இல் யெருஷால்மி, ஹில்லபோ என்ற இரு ஆய்வாளர்கள் அதை மறுத்து எழுதினார்கள். 22 நாடுகளுக்குத் தரவு இருக்கிறது, அத்தனையையும் சேர்த்தால் அந்தத் தொடர்பு வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம்.

இங்கே பரவலான ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ‘22 நாடுகளில் ஏழு நாடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஊரை ஏமாற்றினார் கீஸ்’ என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஆறு நாட்டு வரைபடம் வேறு, 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு வேறு. பின்னது பின்லாந்து முதல் ஜப்பான் வரை ஏறக்குறைய 12,700 ஆண்களை நேரில் பரிசோதித்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெருமுயற்சி. அதற்கும் குறைகள் உண்டு, ஆனால் மோசடிப் பட்டம் நியாயமில்லை. அதைவிட வேடிக்கை, உணவிலுள்ள கொலஸ்ட்ரால் இரத்தத்தை அதிகம் பாதிப்பதில்லை என்று ஐம்பதுகளிலேயே எழுதியவர் இதே கீஸ்தான். அவர் குறி கொழுப்பின்மேல், பிறகு குறிப்பாக நெய், வெண்ணெய் போன்றவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பின்மேல்.

ஆனாலும் முட்டை தப்பவில்லை. 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் ஒரு நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கரு என்று வரம்பு கட்டியது. ஒரு மஞ்சள் கருவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது. நம் ஊர் வீடுகளில் மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் தின்னும் வழக்கத்துக்கு இந்தக் கணக்கிலும் ஒரு வேர் உண்டு.

இந்தியாவிலிருந்தும் அப்போது ஒரு முரண் குரல் எழுந்தது. ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா, ரயில்வே ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பஞ்சாபியர் உண்ட கொழுப்பு தென்னிந்தியர் உண்டதைவிடப் பல மடங்கு. அதிலும் பெரும்பகுதி நெய், பால் கொழுப்பு. இதய நோயோ தென்னிந்தியர்களிடம் ஏழு மடங்கு கூடுதல். கீஸின் வரைபடத்தை அப்படியே தலைகீழாக்கிய கணக்கு. அதற்காக நெய்க்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. ஊர்களை ஒப்பிட்டுக் காரணம் தேடும் முறையில் கீஸுக்கு இருந்த பலவீனம் மல்ஹோத்ராவுக்கும் இருந்தது.

ஊர்களை ஒப்பிடுவதோடு நிற்காமல் முறையான சோதனையும் ஒன்று நடந்தது. 1968 முதல் 1973 வரை மினசோட்டாவின் மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் 9,423 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் உணவில் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் சோள எண்ணெய் சேர்த்தார்கள். இரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கியது, மரணம் குறையவில்லை. முக்கிய முடிவுகள் அச்சேற 1989 ஆயிற்று. ஆய்வை நடத்திய ஐவன் ஃபிரான்ட்ஸின் வீட்டு நிலவறையில் கிடந்த பழைய காந்த நாடாக்கள் அவர் மகன் மூலம் கிடைக்க, மறு அலசல் 2016இல்தான் வெளிவந்தது. பலர் ஓராண்டுகூட மருத்துவமனையில் தங்கவில்லை என்பதால் அந்தச் சோதனை கீஸுக்கு எதிரான இறுதித் தீர்ப்பாகாது. எதிர்பாராத விடை வந்தது என்பதற்காக அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கவும் கூடாது.

தட்டைப் பற்றிய சண்டை இப்படி நீள, இரத்தத்தைப் பற்றிய கேள்விக்கு டல்லாஸிலிருந்து விடை வந்தது. சிறு வயதிலேயே மாரடைப்பு வரும் பரம்பரை நோயை ஆராய்ந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து உள்ளிழுக்கும் ஏற்பி அந்தக் குழந்தைகளின் செல்களில் பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து, இரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான ஸ்டேட்டினை முதன்முதலில் பிரித்தெடுத்தார். ஸ்காண்டினேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்து 1994இல் முடிவு வெளியான சோதனையில் ஸ்டேட்டின் மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. எல்.டி.எல். குற்றவாளியே. ‘கொலஸ்ட்ராலே கட்டுக்கதை’ என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

2015இல் அமெரிக்க உணவு ஆலோசனைக் குழு 300 மில்லிகிராம் வரம்பைக் கைவிட்டது. நிறைவுற்ற கொழுப்புக்கான, மொத்தக் கலோரியில் 10 சதவீதம் என்ற வரம்பு அப்படியே நின்றது.

மஞ்சள் கரு பழி சுமந்த காலமெல்லாம் கண்ணில் படாமல் தப்பித்தது வனஸ்பதி. தாவர எண்ணெயிலிருந்து வந்ததால் அதில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. ஆனால் எண்ணெயை ஹைட்ரஜனேற்றி இறுகவைக்கையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றி, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல்.லை இறக்குகிறது என்று 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் இருவரும் காட்டினார்கள். டென்மார்க் 2003இல் வரம்பு விதித்தது. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.