கிரெஸ்ஸி என்னும் படகு

இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில் ஓடிய சரக்குப் படகுகள் ஏறத்தாழ 70 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டவை. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி அமைத்த மதகுகளின் ஒடுக்கமே அவ்வடிவிற்குக் காரணமாகும். இருப்புப்பாதை வந்தபின் நீர்வழி வாணிகம் குன்றிற்று. கால்வாய்கள் பலவும் இரயில்வே நிறுவனங்களின் உடைமையாயின. போட்டியாளனிடமே சாவியை ஒப்படைத்தது போன்ற நிலை அது!

'கிரெஸ்ஸி' அத்தகைய படகுகளுள் ஒன்று. முதல் உலகப் போர்க்காலத்தில் வேல்சு நாட்டு டிரெவரில் கட்டப்பெற்று, மேஸ்பரி மாவாலைக்குத் தானியம் சுமந்தது. பின்னர் கைர்ல் வில்லன்ஸ் என்னும் பொறியாளர் அதனை வாங்கி எந்திரம் பொருத்தினார். 1939இல் அவருடைய உறவினரும் பொறியாளருமான எல். டி. சி. ரோல்ட் அதனைப் பெற்று, பான்பரியில் உள்ள டூலி படகுப் பட்டறையில் இல்லமாக மாற்றியமைத்தார். தானியம் கிடந்த இடத்தில் படுக்கையும் நூலடுக்கும் அமைந்தன; குளியல் தொட்டியும் இடம்பெற்றது. புதுமணத் தம்பதியர் அவ்வாண்டு சூலையில் புறப்பட்டனர். அப்பயணத்தின் விளைவே 1944இல் வெளிவந்த 'நேரோ போட்' என்னும் நூல். அதனைப் படித்த இராபர்ட் ஐக்மன் ரோல்டுக்கு மடல் எழுதினார். இருவரும் மேலும் சிலரும் கூடி, 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தோற்றுவித்தனர்.

1947 மே மாதம் நிகழ்ந்ததே இப்படகின் வரலாற்றில் மிகவும் சுவையானது. ஸ்டிராட்போர்ட் கால்வாயின் வடபகுதியில், லிஃபர்ட் என்னுமிடத்தில் தாழ்வான நிலைப்பாலம் ஒன்று வழியை மறித்துக் கிடந்தது. கால்வாயின் உரிமை கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேயுடையது. ஆயினும் படகு செல்லும் உரிமை சட்டப்படி அழிந்துவிடவில்லை. பிரபுக்கள் அவையில் வினா எழுப்பப்பட்டது. முன்னறிவிப்புக் கொடுத்தால் பாலம் உயர்த்தப்படும் என்று விடையும் கிடைத்தது. ரோல்ட் அறிவிப்புக் கொடுத்தார். இரயில்வே ஊழியர்கள் ஜாக்கிகளை வைத்துப் பாலத்தை உயர்த்த, முதிய கிரெஸ்ஸி அதன் கீழே நுழைந்து சென்றது. ஏட்டில் உறங்கிய உரிமையை ஒரு மரப்படகு எழுப்பிவிட்டது எனலாம்.

எனினும் சங்கத்துள் பிணக்கு முளைத்தது. எல்லாக் கால்வாய்களையும் காக்க வேண்டும் என்றார் ஐக்மன்; படகோட்டிகளின் தொழிலே முதன்மையானது என்பது ரோல்டின் கருத்து. 1951இல் ரோல்ட் சங்கத்தினின்று நீக்கப்பட்டார். அதே ஆண்டில் கிரெஸ்ஸியின் அடிமரமும் செப்பனிட இயலாதவாறு உளுத்திருப்பது தெரியவந்து, படகு கைவிடப்பட்டது. அவரோ வேல்சு நாட்டு டாலிலின் இரயில்வேயைக் காக்க முனைந்த தொண்டர்களுக்கு மேலாளராகச் சென்றார்!

ஸ்டிராட்போர்ட் கால்வாயின் தென்பகுதி செப்பனிடப்பெற்று 1964இல் மீண்டும் திறக்கப்பட்டது. உல்லாசப் படகுகள் பெருகின. ஆனால் 1962–63ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்தபின், சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் முடிவுற்றிருந்தது.