முன்னோர் கைபட்ட வாத்தியங்கள்

உலகத்துப் பொருள்கள் இருவகைப்படும். விலை கொடுத்துப் பெறத்தக்கன ஒருவகை. விலை கூறவொண்ணாதன மற்றொரு வகை. கடையில் நேற்று வாங்கிய நாயனம் முதல்வகையினது. பாட்டனார் உதடு பட்டுப் பட்டு மெருகேறிய நாயனம் இரண்டாம் வகையினது. இரண்டிற்கும் மரம் ஒன்றே, துளையும் ஒன்றே; ஆயினும் முன்னதை இழந்தால் பணம் போகும்; பின்னதை இழந்தாலோ, ஒரு பரம்பரையே போகும். இவ்வேறுபாட்டை நம்மவர் மறந்து வருகின்றனரோ என்னும் கவலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

செவ்வாப்பேட்டையில் வாழும் நாம், சங்கீதச் சரித்திரம் என்றால் தஞ்சாவூரையும் திருவாரூரையுமே நினைக்கிறோம். அது தகும். ஆனால் நம் திருவள்ளூர்ச் சீமைக்கும் அச்சரித்திரத்தில் ஒரு பங்குண்டு. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் 1856-ஆம் ஆண்டிலே போடப்பட்ட, தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை நம் ஊர் வழியேதான் செல்கின்றது. அப்பாதையில் மேற்கே அரக்கோணம் சென்று வடக்கே திரும்பினால் திருத்தணிகை. முத்துசாமி தீக்ஷிதர் முதன்முதல் கீர்த்தனம் பாடியது அம்மலையிலே என்பது யாவரும் அறிந்தது. கிழக்கே சென்னையை அடுத்து மணலி. முன்பு நம் மாவட்டத்தில் இருந்து இப்பொழுது சென்னையோடு சேர்ந்துவிட்ட அவ்வூர் முதலியார் குடும்பத்தாரே தீக்ஷிதரின் தந்தையார் இராமசாமி தீக்ஷிதரை ஆதரித்தவர்கள்.

தீக்ஷிதரின் இளையவர் பாலுசாமி தீக்ஷிதர் (1786–1858). மணலியில் இருந்த காலத்தில், வள்ளல் வேங்கடகிருஷ்ண முதலியாரோடு சென்னைக் கோட்டைக்குச் சென்று ஆங்கிலேயரின் வாத்தியக் கோஷ்டியைக் கேட்டார் என்றும், அதில் பிடிலின் நாதத்தில் உள்ளம் பறிகொடுத்து, ஐரோப்பியர் ஒருவரிடம் அதனை முறையாகப் பயின்றார் என்றும் அக்குடும்பத்தார் வழியே செய்தி வந்துள்ளது. கருநாடக சங்கீதத்திற்குப் பிடிலைக் கொணர்ந்த பெருமை இவருக்கே கூறப்படும். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டோ? அவ்விதை நம் பக்கத்து மண்ணில் விழுந்தது என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

நிற்க. முத்துசாமி தீக்ஷிதரிடம் பயின்றவர்களுள் தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நம் மரபினரின் மணிகளாவர். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என இன்று உலகெங்கும் ஆடப்பெறும் நாட்டிய முறையை வகுத்தமைத்தவர்கள் இவர்களே. இளையவராகிய வடிவேலு, குரலிலும் நட்டுவாங்கத்திலும் வல்லவராயிருந்ததோடு, அந்நாளில் புதிதாய் வந்த பிடிலையும் கைவரப்பெற்றார். தஞ்சை அரண்மனையை விட்டு நீங்கிய சகோதரரைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813–1846) ஏற்றுப் போற்றினார். பின்னாளில் சின்னையா மைசூர் சமஸ்தானம் சேர்ந்தார். மற்றவர் சிலர் தஞ்சை மீண்டனர். வடிவேலு மன்னரின் அருகிலேயே விளங்கினார். மன்னர் தாமும் சாகித்திய கர்த்தா ஆதலின் அவ்வித்தையின் அருமையை அறிந்தார்; 1834-ஆம் ஆண்டில் தந்தப் பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்.

அப்பிடிலை வடிவேலுவின் வழித்தோன்றல்கள் தஞ்சையில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். இடையிலே நேர்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1855-இல் தஞ்சை அரசு ஒழிந்தது. ஆதரித்த கைகள் வற்றின. வித்துவான்கள் பிழைப்புத் தேடி ஊர் ஊராய்ச் சென்றனர். தந்தம் என்றால் வாங்குவாருக்கா பஞ்சம்? ஒரு கஷ்ட காலத்தில் அதை விற்றிருந்தால் கேட்பார் யார்? ஆயினும் விற்றிலர். அக்குடும்பத்தில் பின்னர்த் தோன்றிய க. பொன்னையா பிள்ளை, கே. பி. கிட்டப்பா பிள்ளை (1913–1999), வீணை வித்துவான் கே. பி. சிவானந்தம் முதலானோர் முன்னோரின் உருப்படிகளையும் உலகுக்கு வழங்கினர். வாத்தியத்தைக் காத்த வீட்டிலேதான் வித்தையும் தங்கிற்று என்பது நம் துணிபு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் யானைத்தந்த வியாபாரத்தையே அடைத்துவிட்டன. சந்தை போயிற்று, மதிப்புப் போகவில்லை. விலை வேறு, மதிப்பு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். இப்பக்கத்தில் ஒரு வீட்டில் தவில் கட்டை ஒன்று தோலிழந்து, தானியம் போட்டுவைக்கும் கலமாகக் கிடந்ததை நாம் கண்டோம். யாருடையது என்று வினவியபோது, “தாத்தாவுக்கு அப்பாவுடையதாம்” என்றனர், பெயர் தெரியவில்லை. தவில் கிடைத்தது, தவில்காரர் தொலைந்தார். இதனினும் துக்கமான செய்தியும் உண்டு. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை விலக்கிற்று. அது நன்றே. ஆனால் அக்காலத்துப் பழிச்சொல்லுக்கு அஞ்சி, அவ்வழக்கத்தோடு வீணையையும் தம்புராவையும் சேர்த்து வீட்டை விட்டு அகற்றியவர் உண்டு. பழி வேறு, கலை வேறு. வீணை தனம்மாள் (1867–1938) வீட்டார் தம் கலையை விடாது பற்றியதனாலன்றோ, அவருடைய பேத்தியார் பாலசரஸ்வதி 1973-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்?

“எம் பிள்ளைகள் அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலைகளில் வேலை செய்கின்றனர், ஊதுவார் இல்லாத நாயனம் எதற்கு?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் பாலுசாமி தீக்ஷிதர் வீட்டில் அவருக்கு முன் பிடில் தொட்டவர் எவர்? எடுக்கும் கை எப்பொழுது பிறக்கும் என்று யாரும் சொல்லவியலாது. அது பிறக்கும்போது வாத்தியம் வீட்டில் இருத்தல் வேண்டும். வேறொன்றும் கூறுவோம். தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கன்பேட்டை ஆசாரிமார் நாயனம் கடைவதற்கு, இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் ஆச்சாமரத் தூண்களையும் உத்தரங்களையுமே தேடி வாங்குவர். நெடுங்காலம் உலர்ந்து முற்றிய மரத்திலேதான் நாதம் நிற்கும். அவர்கள் படைப்புக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீட்டின் தூணையே ஆசாரி பொன்போல் மதிக்க, பழைய நாயனத்தை நாம் விறகுபோல் எண்ணலாமோ?

காத்தல் அரிதன்று. வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் நிற்பன. ஓட்டின் கீழ்ப் பரணில் வைத்தால் கோடையில் மெழுகு இளகும். அடுப்புக்கு மேலும் ஈரச் சுவரோரமும் எவ்வாத்தியமும் ஆகாது, கரையானுக்கும் விருந்தாகும். தந்திகளைத் தளர்த்தி வைத்தல் நலம். சீவாளி நெடுநாள் நில்லாது. ஆயினும் உலவும் அணசும் பல தலைமுறை நிற்கும். ஆண்டுதோறும் சரசுவதி பூஜையன்று எடுத்துத் துடைத்துச் சந்தனமிட்டு வைத்து, விஜயதசமியன்று ஒரு சிறுவன் கையிலோ சிறுமி கையிலோ கொடுத்து ஒலிக்கச் செய்யுங்கள்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது பெயர். வாத்தியத்தை வாசித்தவர் யார், எந்தக் கோயிலில், எவரிடம் பயின்றார் என ஒரு தாளில் எழுதி அதனோடே வையுங்கள். வீட்டிலுள்ள முதியோர் இருக்கும்போதே கேளுங்கள். அடுத்த ஆண்டு என்று தள்ளவேண்டாம். தியாகராஜ சுவாமிகளின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் வழிவந்த சுவடிகள் இன்றும் இருப்பது மதுரைச் சௌராஷ்டிர சபையார் பாதுகாத்ததனாலே. ஒரு சமூகத்தின் சபை அத்துணை செய்யக்கூடுமாயின், நம் சங்கம் அங்கத்தினர் வீடுகளிலுள்ள வாத்தியங்களுக்கு ஒரு குறிப்பேடாவது எழுதலாகாதா? விற்க நேரினும், முதலில் சங்கத்தாரிடம் ஒரு சொல் சொல்லி விற்பது என்னும் வழக்கமாவது ஏற்படலாகாதா?

வடிவேலுவுக்கு மன்னர் கொடுத்தது தந்தப் பிடில். நம் முன்னோர்க்கு அப்பரிசு வாய்க்கவில்லை. ஆச்சாமரமும் பலாமரமுமே வாய்த்தன. ஆயினும் இருவர் கைகளிலும் பிறந்த நாதம் ஒன்றே. அந்நாதத்தின் நினைவை நம் மக்கள் கையில் சேர்ப்பிப்பது நம் கடன். இன்றே பரணில் ஏறிப் பாருங்கள்.